அரை கிரெடிட்

மார்ச் மூன்றாம் வாரம்.
துறைமுக விளிம்பில் இன்னும் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.
டிரெஸ்ஸா பீல், பதினோராம் வகுப்பு,
ரப்பர் பூட்ஸைக் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு
காலுறையோடு என் அறைக்குள் வந்தாள்.
ஓட்டை வழியே ஒரு பெருவிரல்
என்னை எட்டிப் பார்த்தது.

"இதான் எனக்கு வேணும், மிஸ்டர் திபடோ."
அடுத்த ஆண்டின் ஏழு பாடவேளைகளையும்
அவளே நிரப்பியிருந்தாள்.
நான்காவதில்,
தாள் கிழிகிற அளவுக்குப் பென்சிலை அழுத்தி,
மண்பாண்டம்.

மெய்ன் கரைக்கு அப்பால், நாற்பத்தொன்பது பேர் படிக்கும் தீவுப் பள்ளி.
இங்கே எதுவும் ஒன்றே ஒன்றுதான்.
ஒரு சக்கரம், ஒரு சூளை,
செவ்வாயும் வியாழனும் படகேறி வரும்
ஒரு வேதியியல் ஆசிரியை;
காற்று திரும்பினால் அவரும் இல்லை.
அட்டவணை என்பது குட்டைப் போர்வை.
தலையை மூடினால் கால் வெளியே.

இருபத்திரண்டு கிரெடிட் இருந்தால்தான் வெளியே போகலாம்.
விரல்விட்டு எண்ணினேன்:
ஆங்கிலம் சரி. கணிதம் சரி.
வரலாறு, கோடை வகுப்பில் ஒப்பேற்றியது, சரி.
உடற்கல்வி —
கணக்கு உதைத்தது.
மறுபடி எண்ணினாலும் அதே இடத்தில் உதைத்தது.
அரை கிரெடிட் இல்லை.

அந்த அரை எங்கே போனது என்று
எனக்கு உடனே தெரிந்துவிட்டது.
ஒன்பதாம் வகுப்பில் அவள் ஓடிய ஓட்டத்தைப்
பத்தாம் வகுப்பிலும் ஒருமுறை ஏற்றி எழுதியிருக்கிறேன்.
பாட எண்ணில் என் ஏழு,
நடுவே கோடு போட்ட என் ஏழு.

சொல்வதற்கு முன் காபியைக் கலக்கினேன்.
அதில் நான் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

சொன்னேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
"கோடையில நூத்தம்பது கூடு இழுக்கிறேன்.
அது உடற்கல்வி இல்லையா?"

கையேட்டின் முப்பத்தோராம் பக்கம்
நடனத்தை ஏற்கிறது, பனிச்சறுக்கை ஏற்கிறது,
சான்றிதழ் பெற்ற ஒருவர்
பக்கத்தில் நின்று பார்க்கும் எதையும் ஏற்கிறது.
சிங்கி இறாலைப் பற்றி ஒரு வரி இல்லை.
போன வருடம் இன்னொரு பையனுக்காக
நான் கல்விக் குழுவுக்கு எழுதிய கடிதம்
இழுப்பறையில் கிடக்கிறது,
'வருந்துகிறோம்' என்ற ஒற்றை வரிப் பதிலோடு.

விட்டதைப் பிடிக்கிற உடற்கல்வி வகுப்பு
நான்காவது பாடவேளை.
வேறு வேளை கிடையாது.

"அப்போ தப்பு செஞ்சது நீங்க,
தண்டால் எடுக்கிறது நானா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு
எவ்வளவு நேரம் ஆகலாம்?
எங்கள் சுவர்க் கடிகாரம் ஓடாது,
நிமிடத்துக்கு ஒருமுறை டக்கென்று குதிக்கும்.
இரண்டு முறை குதித்தது.

"காலை ஏழு மணிக்குச் சக்கரம் சும்மாதான் கிடக்கும்.
மிஸ் டூகெட்டிடம் பேசுகிறேன்."
கிரெடிட் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.
"செப்டம்பர்ல ஏழு மணிக்கு நான் தண்ணி மேல இருப்பேன்."
"நவம்பரில்?"
தோளைக் குலுக்கினாள்.
பதினெட்டு வருடமாக இதே நாற்காலி.
பதினேழு வயதின் தோளை
இன்னும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

என் மேசை அழிப்பானை அவளே எடுத்தாள்.
எழுத்து போனது,
அழுத்திய பள்ளம் போகவில்லை.
அதன் மேலேயே எழுதினாள்: உடற்கல்வி.
துகளை ஊதித் தள்ளினாள், என் பக்கமாக.

அவள் போன பிறகு கம்பளத்தில் ஈரத் தடம்.
இடது காலில் பெருவிரல் மட்டும்
அச்சுக் குத்தியது போல.

மற்ற நாற்பத்தெட்டுக் கோப்புகளையும் எடுத்து
மேசையில் அடுக்கினேன்.
பெயர் வரிசையில் முதலாவது, ஆலி, தாடியஸ்.
இந்த முறை பேனாவால்.
அரை. ஒன்று. ஒன்றரை.